கட்டட வரைபட வேலைக்கு எந்தப் பிராசசர்? காவிரிப் படுகை அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீட்டு பிளான் போட்டுத்தரும் அலுவலகத்தில் புதுக் கணினி வாங்கும் பேச்சு எழுந்தால், "ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?" என்பதுதான் முதல் கேள்வி. கடைக்காரரும் "ஐ7 போட்டுக்கொள்ளுங்கள் சார், பத்து வருடம் பார்க்கவே வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பணம் வீணாகத்தான் வழி உண்டு. ஐ5, ஐ7 என்பவை, கணினியின் மூளையான பிராசசருக்கு இன்டெல் நிறுவனம் வைத்திருக்கும் விலைப் பிரிவுகள். உங்கள் வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அவை சொல்லாது. ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவற்றிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: எங்கே காத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு வாரம் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, கணினி உங்களைக் காக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறியுங்கள். வரைபட மென்பொருளான ஆட்டோகேடில் பழைய லேஅவுட் கோப்பைத் திறக்கும்போதா? கட்டடத்தையே முப்பரிமாண மாதிரியாக அமைக்கும் ரெவிட்டில் ஒரு சுவரை நகர்த்தியபோதா? எளிய முப்பரிமாண மென்பொருளான ஸ்கெட்ச்அப்பில் மரம், கார், கைப்பிடிச் சுவர் என்று ஏற்றிய பிறகு திரையைச் சுழற்றும்போதா? சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முகப்பு எலிவேஷனை ரெண்டர் செய்யும்போதா, அதாவது ஒளியும் நிழலும் சேர்த்துப் புகைப்படம் போலாக்கும்போதா?

நம் பகுதியில் பெரும்பாலான சிறு அலுவலகங்களின் நாள், இரு பரிமாண வரைபடம், கொஞ்சம் ஸ்கெட்ச்அப், கடைசியில் ஓரிரு ரெண்டர் படங்கள் என்றுதான் போகிறது. கல்யாண மண்டபம், அரிசி ஆலை, பள்ளிக் கட்டடம் என்று பெரிய வேலை எடுப்பவர்களிடம் ரெவிட் இருக்கும். கோயில் திருப்பணிக்காக லேசர் ஸ்கேன் தரவைக் கையாள்பவர்கள் தனி இனம். இந்த மூவருக்கும் ஒரே கணினியைப் பரிந்துரைப்பவரை நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்

இப்போதிருக்கும் கணினியே உங்களுக்கு உண்மையைச் சொல்லும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். பிறகு எந்த வேலையில் காத்திருந்தீர்களோ அதையே மறுபடி செய்து கட்டங்களைக் கவனியுங்கள்.

பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு கோர்; ஒரு கோர் ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை த்ரெட். ஒரு த்ரெட்டுக்கு ஒரு கட்டம். பலர் ஏமாறுவது இங்கேதான். மொத்தப் பயன்பாடு எட்டு விழுக்காடு என்று காட்டும்; "பிராசசர் சும்மாதான் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பன்னிரண்டு த்ரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் அது எட்டு விழுக்காடாகத்தான் தெரியும். நூற்றைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். விண்டோஸ் அந்த வேலையைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒரு கட்டம் மட்டும் நிரம்பி நிற்பதுகூடக் கண்ணில் படாமல் போகலாம். அந்த எட்டு விழுக்காட்டின் பொருள், ஒரு கோர் திணறுகிறது, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன என்பதே. இதற்கு மருந்து வேகமான கோர். கூடுதல் கோர்களை வாங்கினால் வேடிக்கை பார்ப்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

எல்லாக் கட்டங்களும் நிரம்பினால் கூடுதல் கோர்கள் உதவும். பிராசசர் ஓய்ந்திருக்க கிராபிக்ஸ் கார்டு நிரம்பினால் பணம் அங்கே போக வேண்டும். ரேம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி நின்றால், பிராசசரைத் தொடவே வேண்டாம். ரேம் வாங்கிப் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

மூன்றாம் படி: வரையும் வேலை ஏன் ஒரு கோரில் நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ரெவிட்டில் ஒரு வெளிச்சுவரை ஓர் அடி தள்ளுகிறீர்கள். அந்தச் சுவரிலுள்ள சன்னல் அதோடு நகர வேண்டும். அறையின் பரப்பு மாற வேண்டும். கூரை விளிம்பு நீள வேண்டும். அளவுக் கோடுகளும் அட்டவணையும் திருந்த வேண்டும். ஒன்றின் விடை தெரிந்த பிறகே அடுத்ததைக் கணக்கிட முடியும். கீழ் வரிசைச் செங்கல்லை வைக்காமல் மேல் வரிசையை வைக்க முடியாது அல்லவா, பத்துக் கொத்தனார்கள் வந்தாலும்? அதே நிலைதான்.

இதைக் கணக்காகவே 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பாதி மட்டுமே பிரித்துச் செய்யக்கூடியது என்றால், எட்டு கோர் போட்டாலும் வேகம் 1.78 மடங்குதான் கூடும். எண்ணற்ற கோர் போட்டாலும் இரண்டு மடங்கைத் தொடாது.

ஆட்டோகேடில் பெரும்பகுதி ஒரு த்ரெட்டில்தான் ஓடுகிறது. ஸ்கெட்ச்அப்பின் வடிவமைக்கும் பகுதியும் அப்படியே. ரெவிட் சில வேலைகளைப் பகிர்ந்து செய்யும்: வரைபடங்களை அச்சுக்கு அனுப்புவது, கோப்பைத் திறக்கும்போது உறுப்புகளை நினைவகத்தில் ஏற்றுவது, சுவர்ச் சந்திப்புகளை வரைவது, ஸ்கேன் புள்ளிகளைக் காட்டுவது போன்றவை. ரெவிட் போன்ற இன்னொரு மென்பொருளான ஆர்க்கிகேட் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். பல கோர்களை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். இருந்தாலும் நாள் முழுக்க நீங்கள் உணரும் "சுறுசுறுப்பு" என்பது ஒரு கோரின் வேகம்தான்.

அந்த வேகத்தை ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை (நொடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்பு என்பதை) மட்டும் வைத்து அளக்காதீர்கள். 2014இல் வந்த ஐ7-4790கே பிராசசரின் உச்ச வேகம் 4.4 ஜிகாஹெர்ட்ஸ். 2022இல் வந்த ஐ5-12400க்கும் அதே 4.4தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே கோப்பைத் திறந்தால் புதியது தெளிவாக முந்தும், ஏனென்றால் ஒவ்வொரு துடிப்பிலும் அது முடிக்கும் வேலை அதிகம். ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே ஜிகாஹெர்ட்ஸ் உதவும். தலைமுறை தாண்டி ஒப்பிட சினிபெஞ்ச் அல்லது பாஸ்மார்க் சோதனைகளின் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணைப் பாருங்கள். விளம்பரங்களில் பெரிதாகப் போடுவது பல கோர் மதிப்பெண்ணை. அது வரைபவருக்குத் தேவையில்லாத எண்.

நான்காம் படி: உங்கள் ரெண்டரிங் எதில் ஓடுகிறது?

இந்த ஒரு கேள்விக்கான விடைதான் பிராசசர் செலவைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும்.

லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன், டி5 ரெண்டர் ஆகியவை கிராபிக்ஸ் கார்டில் ஓடுபவை. இவற்றுக்காக இருபது கோர் பிராசசர் வாங்குவது வீண். அந்தப் பணத்தில் கூடுதல் நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் படம் சீக்கிரம் வரும், தென்னந்தோப்பையே பின்னணியில் நட்டாலும் மென்பொருள் நிற்காது.

கொரோனா ரெண்டரர் நேர் எதிர். அது பிராசசரில்தான் ஓடும். எல்லாக் கோர்களையும் கடைசித் துளிவரை பிழியும். எட்டு கோரிலிருந்து அதே வகைப் பதினாறு கோருக்குப் போனால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். விரே, பிளெண்டரின் சைக்கிள்ஸ் இரண்டும் எந்தப் பக்கமும் ஓடும். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அமைப்புகளில் பாருங்கள். விரே வைத்திருக்கும் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

மாதத்துக்கு இரண்டு படம்தான் ரெண்டர் செய்கிறீர்கள் என்றால், இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தனிச் செலவு எதற்கு? வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அந்த டைல்ஸை மாற்றிக் காட்டுங்கள், இந்த வண்ணம் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கும் அலுவலகமாக இருந்தால் மட்டுமே உடனடி வேகத்துக்கு விலை உண்டு.

ஐந்தாம் படி: பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்போம்

இரு பரிமாண ஆட்டோகேட் மட்டும் என்றால் ஐ3-14100 போதும். இதை எழுதும்போதே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அதன் நான்கு கோர்கள் 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஐ5-14400இன் உச்ச வேகமும் 4.7தான். மனை அளவும் படுக்கையறையும் வரையும் கைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்கினால் கண்ணுக்கு நல்லது.

ஆட்டோகேடோடு ஸ்கெட்ச்அப்பும் கிராபிக்ஸ் கார்டு ரெண்டரிங்கும் சேர்ந்தால், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600 என் முதல் தேர்வு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 5.1 ஜிகாஹெர்ட்ஸ், 65 வாட் பிரிவு (வாட் எண் கூடினால் மின்சாரமும் சூடும் கூடும்). ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம்) உட்காருவதால், பிறகு வேலை பெருகினால் மதர்போர்டை மாற்றாமல் 9000 வரிசைக்குப் போகலாம். 2027 வரையாவது இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல் பக்கம் ஐ5-14500 நிகரானது. ஆனால் 12, 13, 14ஆம் தலைமுறைகளின் எல்ஜிஏ 1700 சாக்கெட் அதோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட்.

ரெவிட்டில் பெரிய மாதிரிகள் என்றால் ரைசன் 7 9700எக்ஸ் (எட்டு கோர், 5.5 ஜிகாஹெர்ட்ஸ்) அல்லது கோர் அல்ட்ரா 7 265கே (இருபது கோர், அதே 5.5). ஸ்கேன் தரவு கையாள்பவர்களுக்கும் இதே பிரிவு பொருந்தும். ஆனால் கோபுரம் முழுவதையும் ஸ்கேன் செய்த கோப்பை இழுப்பது பிராசசரைவிட ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும்தான் சோதனை.

பிராசசரிலேயே நாள்தோறும் ரெண்டர் செய்பவர்கள் மட்டும் ரைசன் 9 9950எக்ஸ் பக்கம் போகலாம். பதினாறு கோர், 170 வாட் பிரிவு. அதைக் குளிர்விக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எக்ஸ்3டி என்று முடியும் ரைசன்கள் விளையாட்டுக்காரர்களிடையே புகழ் பெற்றவை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கூடுதல் கேஷ் நினைவகத்துக்குத்தான் அங்கே விலை. வரைபட வேலைக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பி வராது.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் ஒரு எச்சரிக்கை உண்டு. 65 வாட்டும் அதற்கு மேலுமான பலவற்றில் தேவைக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டு, நாளடைவில் நிலைகுலையும் சிக்கல் இருந்தது. 2024இல் இன்டெல் அதற்கான மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. இந்தத் தலைமுறையை வாங்கினால், விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே மதர்போர்டின் பயாஸை, அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்துத் தரச்சொல்லுங்கள்; அந்தத் திருத்தம் அதன் வழியாகத்தான் வரும். பயன்படுத்திய 13900கே, 14900கே மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள். முந்தையவர் எந்தப் பயாஸில் எத்தனை மாதம் ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது.

பெயரின் கடைசி எழுத்தையும் படியுங்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு கெட்டுப்போன நாளில் திரையே வராது. கெடு நாளில் அப்ரூவல் வரைபடம் கொடுக்க வேண்டிய அலுவலகத்துக்கு அந்தச் சிறு மிச்சம் தகாது. கே என்பது வேகத்தை உயர்த்தித் திருகுபவர்களுக்கு. மின்சாரத்தையும் அதிகம் குடிக்கும்.

ஆறாம் படி: லேப்டாப் என்றால் கூடுதல் கவனம்

காலையில் திருவாரூரில் சைட், மதியம் வேதாரண்யத்தில் சைட் என்று அலைபவருக்கு லேப்டாப்தான் வழி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போன பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்போது மேசைக் கணினிகள் பெட்டியாகத்தான் இருந்தன.

லேப்டாப்பில் ஐ7 என்ற ஒட்டு அதிகமாக ஏமாற்றும். ஐ7-1355யு என்பதில் பத்து கோர் என்று எழுதியிருக்கும்; அதில் முழு வலிமையுள்ளவை இரண்டே, மற்ற எட்டும் மின்சிக்கனக் கோர்கள். 15 வாட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. ஐ5-13420எச்சில் மொத்தம் எட்டு கோர்தான், ஆனால் வலிமையுள்ளவை நான்கு. 45 வாட் பிரிவு. ஓரிரு நிமிடத்துக்கு மேல் நீளும் வேலையில் இந்த ஐ5 அந்த ஐ7ஐ விட்டு வெகுதூரம் போய்விடும். யு என்று முடிவது கடிதம் அடிக்க, எச் அல்லது எச்எக்ஸ் என்று முடிவது உங்களுக்கு.

மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ஆர்க்கிகேட் மேக்கில் உண்டு, ரெவிட் விண்டோஸில் மட்டும். பேட்டரி நீடிக்கிறது என்று ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பை வாங்கிவிட்டு ரெவிட்டுக்குத் தவிக்காதீர்கள்.

ஏழாம் படி: பழைய ஜியான் ஆசை

சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் பழைய சர்வர் பிராசசர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஜியான் இ5-2680 வி4, பதினான்கு கோர், இருபத்தெட்டு த்ரெட் என்று கேட்டதும் மனம் போகும். 2016இல் வந்த அதன் உச்ச வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ். இரவு முழுக்கக் கொரோனாவில் ரெண்டர் ஓடவிட மட்டும் இரண்டாவது பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். அதில் உட்கார்ந்து ரெவிட்டில் வரைந்தால் பொறுமை போகும். விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

எட்டாம் படி: வெயில், தூசு, மின்தடை

பெங்களூருக்காரர் எழுதும் பரிந்துரையில் இந்தப் பகுதி இருக்காது. தஞ்சாவூரில் மே மாதம் நண்பகலில் மின்தடை வந்து, ஏசி நின்று, யூபிஎஸ்ஸில் கணினி மட்டும் ஓடும் அறையை நினைத்துப் பாருங்கள். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, பிராசசரும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். 25 டிகிரி அறையில் 80இல் ஓடும் பிராசசர் 38 டிகிரி அறையில் 93ஐத் தொடும். ரைசன் 7000, 9000 வரிசைகளில் பெரும்பாலானவற்றின் எல்லை 95. எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 253 வாட் வரை இழுக்கும் ஐ9-14900கே வாங்கிச் சாதாரண விசிறி போட்டால், கோடை முழுவதும் அது தன் விலைக்கேற்ற வேகத்தில் ஓடாது. இங்கே 65 வாட் பிரிவை நான் விடாமல் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

தண்ணீர்க் குளிர்விப்பான் தேவையில்லை. நாலைந்து வெப்பக் குழாய்கள் உள்ள உயர்ந்த காற்றுக் குளிர்விப்பான் ஒன்று, முன்பக்கம் வலையுள்ள கேபினெட், கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி ஆகியவை போதும். கண்ணாடியால் முன்பக்கம் அடைத்த கேபினெட் பார்க்க அழகு, உள்ளே புழுக்கம். சம்பா அறுவடைக் காலத்தில் வயலோரத்து அலுவலகங்களில் சுணையும் பதர்த் தூசும் வடிகட்டியை அடைத்துவிடும்; அறுவடைக்குப் பின் ஒருமுறை கட்டாயம் திறந்து ஊதுங்கள்.

யூபிஎஸ் வாங்கும்போது வி.ஏ. எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள். 600 வி.ஏ. என்று விற்கப்படுவது பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் பெரிய பிராசசரும் ஒன்றாக இழுக்கும்போது அது அலறிவிட்டு அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே கணினியை ஓட்டுவதாக இருந்தால், சைன் வேவ் வகையாக இருக்கட்டும். பின்னால் இருக்கும் பொத்தான் யூபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டோகேடின் தானியங்கிச் சேமிப்பு இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான், ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

ஒன்பதாம் படி: மீதிப் பணத்தைப் பிரித்தல்

ரேம் 16 ஜிபி என்பது தொடக்கம், ரெவிட்டுக்கு 32, பெரிய மாதிரிக்கும் ஸ்கேன் தரவுக்கும் 64. ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்கினால் இரட்டைத் தடத்தில் ஓடும். டிடிஆர்5இல் நான்கு குச்சி செருகினால் பெரும்பாலும் வேகம் குறையும். ஆகையால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று நான்கு சிறு குச்சிகளாகத் திட்டமிட வேண்டாம். என்விஎம்இ எஸ்எஸ்டி இப்போது பேச்சுக்கே இடமில்லாத தேவை. மதர்போர்டில் மிக மலிவானதைப் போட்டு அதன் மேல் ஐ7 வைப்பது பரவலான பழக்கம். மின்னழுத்தம் சீராக்கும் பகுதி சூடேறி, பிராசசர் பாதி வேகத்தில் நடக்கும்.

பத்தாம் படி: வாங்கும் நாள்

திருச்சியிலோ சென்னையிலோ, எங்கே வாங்கினாலும் பிராசசர் முத்திரை உடையாத பெட்டியில் வர வேண்டும். டிரே என்று பெட்டியில்லாமல் விற்பது கொஞ்சம் மலிவு. அதற்கு உற்பத்தியாளர் நேரடியாக உத்தரவாதம் தருவதில்லை, கடைக்காரர் சொல்தான் உத்தரவாதம். பெட்டியிலுள்ள வரிசை எண் பில்லிலும் இருக்கட்டும். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்று முதலிலேயே கேளுங்கள். அலுவலகம் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால் உங்கள் எண்ணைப் பில்லில் போடச்சொல்லுங்கள், உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

கடையில் ஓட்டிக்காட்டும் சோதனை மென்பொருளோடு திருப்தி அடையாமல், உங்களிடமுள்ள மிகக் கனமான கோப்பை பென் டிரைவில் கொண்டுபோய்த் திறக்கச்சொல்லுங்கள். மென்பொருள் அங்கே இல்லையென்றால் வீட்டுக்கு வந்த முதல் நாளே செய்யுங்கள். அரை மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையையும் வேகத்தையும் பாருங்கள். தொடக்கத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிப் பத்து நிமிடத்தில் 3.5க்கு விழுந்தால், பெரும்பாலும் குளிர்விப்பான் சரியாக உட்காரவில்லை அல்லது அதன் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுக்காமலே மாட்டிவிட்டார்கள். பில்லின் மை காய்வதற்குள் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள்.